வற்றும் என்று உட்கார்ந்திருந்தேன்

பழவேற்காட்டைப் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. ஊரை மூன்று பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: கல்லறைப் பக்கம், பறவைப் பக்கம், முகத்துவாரத்துப் பக்கம். ஆளைப் பார்த்தே யாருக்கு எது என்று சொல்லிவிடுவேன். கழுத்தில் கேமரா தொங்கினால் பறவை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்றால் ஏரி கடலில் சேருகிற முகத்துவாரம். ரிட்டயர் ஆனவர்களுக்குக் கல்லறை. டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டிக்கொண்டு துணி வியாபாரம் பண்ணிய காலத்தில், செத்துப்போன தங்கள் ஆட்களைப் புதைத்த இடம் அது. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும். "பயப்படாம உள்ள வாங்க, இவங்க ரெண்டு பேரும் எங்க வாட்ச்மேன்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். வருஷக்கணக்காக அதே ஜோக்தான். வருகிறவர்கள் புதியவர்கள் என்பதால் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

முகத்துவாரத்தில் படகு மணலை ஒட்டிப் போகாது. நான் தண்ணீரில் குதித்து, குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் மணலில் விடுவேன். பெற்றவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். எத்தனை ஊர்க் குழந்தைகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கின்றன என்பதற்குக் கணக்கே இல்லை. என் பேத்தியைத்தான் நான் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

என் மகள் நர்ஸுக்குப் படித்து, சண்டிகரில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே ஒரு மலைக்காரப் பையனைப் பிடித்துப்போய், என்னிடம் நேராகவே கேட்டாள். எங்கள் குப்பத்தில் பெண்ணைப் பக்கத்தில் இருக்கிற சுண்ணாம்புக்குளத்துக்குக் கட்டிக்கொடுத்தாலே தூரம் என்று முகம் சுளிப்பார்கள். நான் சரி என்றேன். கல்யாணம் இங்கேதான் நடந்தது. மாப்பிள்ளை நல்ல பையன். மீன் முள்ளைத் தின்பதா துப்புவதா என்று தெரியாமல் விழித்து, பந்தியையே சிரிக்க வைத்தான். அடுத்த மழைக்காலத்தில் என் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையின் மலை ஊருக்கே குடிபோயிருந்த மகள் வந்து, காரியம் முடியும் வரை இருந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவளால் வர முடியவில்லை. பிரசவம், கைக்குழந்தை, அங்கே ஆறு மாதம் பாதையை மூடுகிற பனி என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது.

நான் தனியாகச் சமைத்தேன், தனியாகத் தின்றேன், ஒரே தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். வீட்டில் பேச ஆள் இல்லாததால் படகில் அதிகம் பேசினேன். "இன்னா பேச்சு பேசறாரு இந்த ஆளு" என்று சென்னைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவர்கள் காரில் ஏறிப் போன பிறகு, படகைக் கட்டிவிட்டு வீட்டுக்கு நடக்கிற அந்தக் கொஞ்ச தூரம்தான் எனக்குப் பிடிக்காது. போனில் பேத்தியின் படங்கள் வரும். உட்கார்ந்த படம், தவழ்ந்த படம், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற படம். படத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள முடியுமா?

பொன்னேரியில் ஒருவர் வருஷா வருஷம் ஹிமாச்சலப் பிரதேசத்துக்கு ஆட்களை அழைத்துப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். தமிழ்நாட்டுச் சாப்பாடு, கூடவே சமையல்காரர், டெல்லி வரை ரயில், அதற்கு மேல் பஸ். அவரும் என்னைப் போலத்தான், மாநிலத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருந்தார். "மொதல்ல சிம்லா பக்கம். அப்புறம் காங்க்ரா பக்கம், கோயிலுங்க. அப்புறம் குல்லு பக்கம், ஆறு. கடைசியா மலையத் தாண்டி லாஹௌல், பனி." மகள் இருந்தது அந்தக் கடைசிப் பக்கத்தில். நான் மாநிலத்தைப் பார்க்கப் போகவில்லை. பேத்தியை ஒரு தடவை தூக்கப் போனேன். அவள் கடைசியில் இருந்ததால் மற்றதை எல்லாம் பார்த்துத் தொலைக்க வேண்டியதாயிற்று.

கையோடு காய்ந்த இறாலும் நெத்திலிக் கருவாடும் எடுத்துப் போனேன். ஐந்து சுற்றுத் துணி சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் பையும் போட்டிருந்தேன். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. டெல்லியில் பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்கு மூக்கைப் பொத்தினார்கள். பயணத்தை நடத்துகிறவர் வரிசை வரிசையாக மோந்துகொண்டு வந்து என் சீட்டில் நின்றார்.

"பெரியவரே, பையில இன்னா வெச்சினுகீறீங்க?"

"பொண்ணுக்குத் துணிமணி, தம்பி."

"துணி நெத்திலி வாசன அடிக்குதே."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். மூட்டை கூரைக்குப் போனது. அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் எனக்குப் பெயர் கருவாட்டுத் தாத்தா.

மற்றவர்கள் எல்லாரும் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். சிம்லாவில் தேவதாரு மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது நான். காங்க்ராவில் தேயிலைத் தோட்டத்தில் நின்றார்கள், அங்கேயும் நான். "தாத்தா, இன்னும் ஒண்ணு" என்று போனை நீட்டுவார்கள். ஒருவருக்கும் என்னை நிற்கவைத்து ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக என் படகில் வந்து போனவர்களில் தனியாக வந்தவர் யாராவது இருந்தால், அவரை நான் ஒரு படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

அந்த மாநிலத்தில் எங்கே திரும்பினாலும் ஆறு. ஜன்னலுக்குக் கீழே சட்லெஜ், அப்புறம் பியாஸ். எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். எனக்கு அந்த ஆறுகளைப் பார்த்துக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு படகு இல்லை, வலை போட்டுக்கொண்டு நிற்கிற ஒரு மனுஷன் இல்லை. நிற்கத் தெரியாமல் கத்திக்கொண்டே ஓடுகிற தண்ணீர். எங்கள் ஏரி அப்படி இல்லை. முகத்துவாரத்தின் வழியாகக் கடல் உள்ளே வரும், தண்ணீர் ஏறும். ஆறு மணி நேரம் போனால் திரும்பும், வற்றும். ஈர மணலைப் பார்த்தாலே தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். சின்ன வயதிலிருந்து நான் கடிகாரத்தை நம்பியதைவிட அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

மலையைத் தாண்டிய அன்று சாயங்காலம் மகள் போனில் கிடைத்தாள். அவர்கள் ஊரில் மேட்டில் ஒரு பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் வரும்.

"நைனா, நாளிக்கு பஸ்ஸு உன்ன ரோட்டுல எறக்கி உடும். ரோட்டுக்கும் எங்க ஊருக்கும் நடுவுல ஒரு ஓட கீது. பாலம் போன வருசமே அடிச்சினு போயிடிச்சி. நீ வந்த ஒடனே ஓடைய தாண்டிடு. உக்காந்துனு இருக்காத. தாண்டி, மேல ஏறி வந்துனே இரு. நா கொழந்தய தூக்கினு எறங்கி வரேன். நடுவுல பாத்துக்கலாம்."

"மாப்ள எங்கம்மா?"

"பட்டாணி லோடு ஏத்திகினு போயிருக்காரு. நைனா, மறந்துடாத, வந்த ஒடனே..." என்றாள். லைன் போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீரைத் தாண்டுவதைப் பற்றி எனக்கே சொல்லிக் கொடுக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் பஸ் என்னை இறக்கிவிட்டது. மற்றவர்கள் பனி பார்க்க இன்னும் மேலே போனார்கள். சாயங்காலம் திரும்பும்போது ஏற்றிக்கொள்வதாகவும், மறுநாள் கீழே போய் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றும் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்கள். கூரையிலிருந்து கருவாட்டு மூட்டையை இறக்கிக் கொடுத்தபோது கைதட்டல் வேறு.

ஓடை என்று மகள் சொன்னது எங்கள் தெருவைப் போல் இரண்டு பங்கு அகலம். மேலே பனிமலையிலிருந்து நேராக வருகிறது. கூழாங்கற்களுக்கு நடுவே தண்ணீர் முழங்கால் அளவுதான் ஓடியது. செருப்பைக் கழற்றிக் காலை வைத்தேன். எலும்புக்குள் ஊசி குத்தியது. பிடுங்கிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் கற்களைப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே வரை கற்கள் ஈரமாக இருந்தன. அப்படியானால் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் இன்னும் இறங்கும், கல்லுக்குக் கல் தாண்டியே போய்விடலாம். பேத்தியை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவன் ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நிற்பானேன்? மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தேன். வெயில் முதுகில் இதமாக விழுந்தது.

முதலில் நான் நினைத்தபடியே நடந்தது. தண்ணீர் இன்னும் ஒரு விரல் இறங்கியது. அடையாளத்துக்கு ஒரு கல்லைக் குறித்து வைத்திருந்தேன். அப்புறம் அப்படியே நின்றது. பிறகு, வெயில் உச்சிக்கு வர வர, அந்தக் கல் நனைய ஆரம்பித்தது. சரி, ஏற்றம் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். அமாவாசை கழிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அப்போதெல்லாம் ஏற்றம் கொஞ்சம் பலமாகத்தான் இருக்கும், ஆனால் எப்படியும் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டேன். கடல் எங்கே, நான் உட்கார்ந்திருந்த மலை எங்கே? யாராவது அப்போது கேட்டிருந்தால், அந்தத் தண்ணீருக்கும் கடலுக்கும் எந்த ஒட்டுறவும் கிடையாது என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் கேட்க ஆள் இல்லை. என் உடம்பு அதன் பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

எதிர்ச்சரிவில் ஒரு சிவப்புத் துப்பட்டா இறங்கி வந்தது. மகள். முதுகில் துணியில் கட்டிய குழந்தை. நான் எழுந்து நின்றேன். அதற்குள் தண்ணீர் கலங்கி, இடுப்புக்கு மேல் ஏறியிருந்தது. உள்ளே கற்கள் உருளுகிற சத்தம் கேட்டது. நான் காலை வைக்கப் போனதும் அவள் இரண்டு கைகளையும் விரித்து வேண்டாம் வேண்டாம் என்று வீசினாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். எதையோ கத்தினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நானும் கத்தினேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவள் வாய் அசைவதைப் பார்த்து, நைனா என்றுதான் கூப்பிடுகிறாள் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

குழந்தையை அவிழ்த்துக் கீழே நிறுத்தினாள். அது நடந்தது. நாலு அடி நடந்து, பொத்தென்று உட்கார்ந்து, மறுபடி எழுந்தது. நடக்கத் தொடங்கிவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குக் காட்டத்தான் சொல்லாமல் வைத்திருந்தாள் போல. கன்னம் இரண்டும் வெயிலில் காய்ந்து சிவந்திருந்தன. மூக்கு என் மனைவியுடைய மூக்கு. அந்தத் தூரத்திலிருந்தே தெரிந்தது.

மூட்டையையாவது சேர்த்துவிடலாம் என்று கையில் எடுத்தேன். வீச்சு வலை வீசுகிற கை இது, நாலு படகு தள்ளி விழுகிற மாதிரி வீசுவேன். காலை அகட்டி, இடுப்பைத் திருப்பி, வலை வீசுவது போலவே வீசினேன். வலைக்கு விளிம்பில் ஈயம் இருக்கும், கருவாட்டுக்கு என்ன இருக்கிறது? நடு ஓடையில் போய் விழுந்து, ஒரு தடவை புரண்டு, போயே போய்விட்டது. மகள் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா சிரிப்பதைப் பார்த்துக் குழந்தையும் கைதட்டியது. அந்த நாளில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து செய்தது அது ஒன்றுதான்.

வெயில் சாயத் தொடங்கியபோது அவள் எழுந்து நின்று கையைக் காட்டினாள். உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்து, மெல்ல மெல்லத் தாழ்த்தினாள். எங்கள் ஏரியில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு நாங்கள் காட்டுகிற சைகை அது: தண்ணீர் வற்றும். எத்தனை வருஷம் ஆகியும் மறக்கவில்லையே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஏரிக்காரன் மகள் இல்லையா? அவளே சொல்லும்போது எனக்கு வேறென்ன சந்தேகம்? தெரியும், தெரியும் என்று தலையை ஆட்டினேன். கிழக்குப் பக்கத்து மலையைக் காட்டி மறுபடி கையைத் தாழ்த்தினாள், அப்புறம் எனக்குப் பின்னால் ரோட்டு மேட்டில் இருந்த டீக்கடையைக் காட்டினாள். மறுபடியும் தலையாட்டினேன். அவள் முகம் தெளிந்தது. குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டிவிட்டு, முதுகில் கட்டிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினாள். இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டுமே, பாவம், அதனால்தான் போகிறாள் என்று நினைத்தேன். சிவப்புத் துணி பாறைக்குப் பின்னால் மறையும் வரை நின்றேன். அதற்குப் பிறகும் உட்கார்ந்துதான் இருந்தேன். பஸ் வந்து ஹாரன் அடித்தபோதும் தண்ணீர் என் பாறையைத் தொட்டுக்கொண்டுதான் ஓடியது.

டீ குடிக்க நிறுத்திய இடத்தில், பேத்தியைத் தூக்கினீர்களா என்று எல்லாரும் வந்து கேட்டார்கள். தண்ணீர் வற்றவே இல்லை என்றேன். பயணத்தை நடத்துகிறவர் அதை இந்தியில் டிரைவரிடம் சொன்னார். டிரைவர் அந்த மலையில் பிறந்தவர். டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு தம்பி?"

"வெயில் ஏறினா மேல பனி உருகுமாம் பெரியவரே. அதனால சாயங்காலந்தான் தண்ணி ஜாஸ்தியாம். ராத்திரி குளுந்து போனா உருகறது கொறஞ்சி, விடியக்காலைல வத்திடுமாம். காலைல வந்தப்போ தாண்ட வேண்டியதுதானேன்னு கேக்குறாரு."

நான் டீயைக் குடித்து முடித்தேன். திரும்பிப் போகலாமா என்று மட்டும் கேட்டேன். பஸ் மலையின் இந்தப் பக்கம் வந்தாகிவிட்டது, இருட்டிவிட்டது, மறுநாள் முப்பது பேருக்கு ரயில். அவர் என் தோளில் கையை வைத்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

மறுநாள் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது மகளின் போன் வந்தது. எடுத்ததும் பாறைமேல் அடிக்கிற காற்றுதான் கேட்டது.

"எங்க நைனா கீற?"

"ரயிலடில மா."

"காலீல கொழந்தய தூக்கினு வந்தேன். மொழங்கால் தண்ணிதான் இருந்திச்சி. நானே தாண்டி ரோட்டாண்ட வந்து பாத்தேன். உன்னக் காணோம். நீதான் தலையாட்டினியே நைனா. காலீல வத்திடும், ரோட்டு மேல கீற டீக்கடையில படுத்துக்கன்னு சொன்னதுக்கு நீ தலையாட்டினியே."

ரயில் வந்துவிட்டது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். ரயில் வர இன்னும் நிறைய நேரம் இருந்தது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதேன். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

ஊருக்கு வந்து படகை எடுத்தேன். வருகிறவர்கள் வந்தார்கள். கல்லறை வாசலில் என் வாட்ச்மேன் ஜோக் இப்போது வாயில் வருவதில்லை. உள்ளே ஒரு கல் இருக்கிறது. அதில் இருக்கிற எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. பார்க்க வந்த ஒருவர் முன்பு ஒரு தடவை படித்துச் சொன்னார்: இங்கேயே பிறந்து, நடக்கிற வயதுக்குள் செத்துப்போன குழந்தை. அந்தக் குழந்தையைப் பெற்றவர்களைப் பெற்றவர்கள் அவர்கள் தேசத்தில் இருந்திருப்பார்கள் அல்லவா? அடுத்த கப்பலில் வரும் என்று அவர்கள் எத்தனை நாள் துறைமுகத்துக்கு வந்து நின்றார்களோ தெரியவில்லை. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வந்தால் நான் சும்மா நின்றுவிடுகிறேன். வந்தவர்கள் தாங்களாகவே சுற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

காணும் பொங்கலன்று ஒரு குடும்பம் சென்னையிலிருந்து வந்தது. கணவன், மனைவி, நடக்கத் தொடங்கிய ஒரு பெண் குழந்தை. முகத்துவாரத்துக்குப் போனோம். தண்ணீர் வற்றுகிற நேரம். நான் இறங்கிக் கையை நீட்டினேன். குழந்தை தயங்காமல் தாவி வந்து, ஒரு கையால் என் காதைப் பிடித்துக்கொண்டது. நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இந்த வயதில் இவ்வளவு கனம் இருக்கும் போல. படகுக்கும் மணலுக்கும் நடுவில் நான் நின்றுவிட்டேன்.

"இன்னாங்க ஐயா, அங்கயே நின்னுட்டீங்க?" என்று அதன் அம்மா படகிலிருந்து கேட்டாள்.

"தண்ணி இழுக்குதும்மா. கொஞ்சம் வத்தட்டும்" என்றேன்.

தண்ணீர் என் முழங்காலுக்குக்கூட இல்லை.